வாசலில் கூட்டம் கூடினால்

வேம்பும் புங்கமும் பூத்து ஓய்ந்த பிறகு எனக்கு வருகிற போன்களில் பாதி சந்தோஷ போன்கள். "தேனீப் பெட்டி ஜோரா வேலை செய்யுதுபா, வாசல்ல நிக்க எடமில்ல" என்பார்கள். அதைக் கேட்டதும் வண்டிச் சாவியைத் தேடுவேன். பூவே இல்லாத காலத்தில், அதுவும் நேற்றுவரை நோஞ்சானாகக் கிடந்த பெட்டியில், திடீரென்று நெரிசல் என்றால் அங்கே நடப்பது வேலை இல்லை, வேறு பெட்டித் தேனீக்கள் வந்து அடிக்கிற தேன் கொள்ளை.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களின் தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்து வருவது என் பிழைப்பு. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கம்தான் அதிகம். பெரும்பாலும் தென்னந்தோப்பு, ஓரத்தில் கொஞ்சம் முருங்கை. நான் பார்ப்பவை எல்லாம் நம் இந்தியத் தேனீ, நியூட்டன் பெட்டி: கீழே தேனீ அடை கட்டுகிற ஏழு மரச்சட்டம் போட்ட, புழு வளர்கிற புழு அறை, மேலே தேன் அறை. தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடுகிறது, தீனிக்கு என்ன குறை என்று தோப்புக்காரர்கள் கேட்பார்கள். பாளை மகரந்தத்தைத் தாராளமாகத் தரும். ஆனால் ஒரே தோப்பில் வரிசையாகப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் வேண்டிய மதுரத்தையும், அதாவது பூவின் இனிப்பு நீரையும், அதனிடமே எதிர்பார்க்க முடியாது. வேம்பு கொட்டிய நாட்களில் பெருத்துப்போன கூட்டம், பூ நின்றதும் ஒரே நாளில் சிறுத்துவிடாது. அத்தனை வேலைக்காரத் தேனீக்களும் கையில் வேலையில்லாமல் ஊர் சுற்றும். அதில் ஒன்று பக்கத்துப் பெட்டியின் இடுக்கில் தேன் வாசனையைப் பிடித்துவிட்டால் போதும். வீட்டுக்கு வந்து அடையின் மேல் ஆடிக்காட்டும். பூ இருக்கும் திசையைச் சொல்கிற அதே ஆட்டம்தான். அதைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆட்டத்தில் திசை இருக்கும், தூரம் இருக்கும். அங்கே இருப்பது பூவா, இன்னொருவர் வீட்டுத் தேனா என்பதற்கு அதில் அசைவே கிடையாது.

பலமான பெட்டியில் இது நடக்காது. வாசலில் காவல் தேனீக்கள் நிற்கும், உள்ளே நுழைகிற ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கும், தன் வீட்டு வாசனை இல்லையென்றால் மடக்கிப் பிடிக்கும். நோஞ்சான் பெட்டியில் காவலுக்கு ஆள் மிச்சமிருக்காது. புழுவுக்கு 34, 35 டிகிரி சூடு வேண்டும். வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டும்போது அந்த அளவுக்கு இறக்கிவைக்க, இருக்கிற ஆட்களில் பாதி தண்ணீர் தூக்க வேண்டும், மீதி இறக்கையால் விசிற வேண்டும். வாசலோ பலமான கூட்டத்துக்கு வைத்த அளவிலேயே அகலமாகத் திறந்து கிடக்கும்.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு பெரியம்மா தோப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் போனபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். "பாரு தம்பி, செத்துடும்னியே, எப்டி வேலை செய்யுது பாரு." நான் மண்டியிட்டு வாசலை மட்டும் பார்த்தேன். உள்ளே போகிற ஒன்றின் காலிலும் மகரந்த உருண்டை இல்லை. நேராக வந்து இறங்காமல் பெட்டிக்கு முன்னால் இடமும் வலமுமாக ஊசலாடி, கால்களைத் தொங்கவிட்டபடி சந்து தேடின. மூடிக்கும் அறைக்கும் நடுவிலிருந்த விரிசலிலும் நாலைந்து மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன. சிலவற்றுக்கு உடம்பில் ரோமமே இல்லை, எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மினுங்கின. வெளியே வருபவைதான் முக்கியம். தீனி தேடிப் புறப்படுகிற தேனீ வெறும் வயிற்றோடு ஜிவ்வென்று கிளம்பும். இவை பெட்டிச் சுவரில் கொஞ்சதூரம் ஏறி, பாரம் தாங்காமல் சற்றுத் தாழ்ந்து, பிறகே பறந்தன. அடிப்பலகை முன்னால் மெழுகுத் தூள் கொட்டிக் கிடந்தது. இரண்டு தேனீக்கள் கட்டிப் புரண்டபடி மண்ணில் விழுந்தன.

இளம் தேனீக்கள் பறந்து பழகுவதையும் சிலர் கொள்ளை என்று பயந்துவிடுவார்கள். அது மதியத்துக்கு மேல் நடக்கும், எல்லாம் பெட்டியைப் பார்த்தபடி மேலும் கீழும் மிதக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். சண்டை இருக்காது.

பெரியம்மா நம்பவில்லை. வீட்டிலிருந்து கொஞ்சம் கோதுமை மாவு கேட்டேன். வெளியே வருகிறவற்றின் மேல் மாவைத் தூவிவிட்டு, வரிசையில் இருந்த மற்றப் பெட்டிகளின் வாசலைப் பார்க்கச் சொன்னேன். மோட்டார் கொட்டகை ஓரம் இருந்த பெட்டி, அவருக்கு அதிகம் தேன் கொடுத்து அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெட்டி. அதற்குள் வெள்ளை முதுகோடு தேனீக்கள் போய்க்கொண்டிருந்தன. "அய்ய, இதுவும் நம்மளுதுதானே!" என்றார். ஆமாம். அநேகமாக எல்லாத் தோப்பிலும் திருடன் நம் பெட்டிதான். அதனால் அடிக்கவும் முடியாது, மருந்து வைக்கவும் முடியாது.

அடுத்து அவர் மகன் புகை போடுகிறேன் என்று கிளம்பினார். வாசலில் புகை ஊதினால் வீட்டுத் தேனீக்கள் பயந்துபோய்த் தேனைக் குடித்துக்கொண்டு உள்ளே ஒடுங்கும், இருக்கிற கொஞ்சநஞ்சக் காவலும் போகும். சட்டத்தை வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்றார். அந்த நேரத்தில் மூடியைத் திறப்பது கொள்ளைக்காரர்களுக்கு இன்னும் பெரிய கதவு. பிறகு ஸ்பிரேயர் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் தெளிப்பது நல்ல யோசனைதான், மழை என்று நினைத்து வந்தவை வீடு திரும்பும். ஆனால் அது பயிருக்கு மருந்தடிக்கிற டேங்க். கழுவிவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் தேனீப் பெட்டி பக்கம் அதை விடமாட்டேன். மோட்டார் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பொடித்தூறலாக அடித்தோம்.

செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். வாசலை ஒரு தேனீ போய்வரும் அளவுக்குக் குறைப்பது. அதற்கு ஈரக் களிமண்ணே போதும். விரிசல்களையும் அதே மண்ணால் பூசுவது. நனைத்த கோணியை மூடியோடு சேர்த்துப் போர்த்தி, முன்பக்கம் தரைக்குச் சற்று மேலே தொங்கவிடுவது. வீட்டுக்காரத் தேனீ அடியில் புகுந்து வழி கண்டுகொள்ளும், வாசனையை நம்பி வந்தது கோணியில் முட்டி நிற்கும். கோணி காய்ந்தால் திரும்ப நனைக்க வேண்டும், அதில் பெட்டியும் குளிரும். மொத்தமாக வாசலை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை வைகாசியில் காற்றில்லாமல் ஒரு பெட்டியை மூடினால், கொள்ளையில் போகாத கூட்டம் புழுக்கத்தில் போய்விடும்.

எனக்குப் பிடித்தது கம்பி வலைத் தடுப்பு. வாசலுக்கு முன்னால் நாலு விரல்கடை இடம்விட்டு, தேனீ நுழையாத வலையைப் பெட்டிச் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டு, மேல் மூலையில் மட்டும் ஒரு வழி வைப்பது. தேன் வாசனை வாசலுக்கு நேராகத்தான் வரும், கொள்ளைக்காரத் தேனீ அங்கேயே வலையை முட்டிக்கொண்டு கிடக்கும். வீட்டுத் தேனீ உள்ளிருந்து மேலே ஏறி வெளியே வந்ததால், திரும்பும்போது அந்த மூலையைத் தேடிவரும். முதல் நாள் கொஞ்சம் தடுமாறும், பிறகு பழகிவிடும். காற்றும் தடைபடாது. மிஞ்சிய கொசுவலைக் கம்பித் துண்டும் நாலு ரீப்பர் கட்டையும் இருந்தால் வேலை முடிந்தது.

கொள்ளைக்கு வழிவிடுவது பெரும்பாலும் நம் இரக்கம்தான் என்பது இத்தனை தோப்பு சுற்றியதில் எனக்கு உறைத்தது. நோஞ்சானாச்சே என்று பட்டப்பகலில் சர்க்கரைப் பாகை ஊற்றுவார்கள், பாதியைப் பலகையில் சிந்துவார்கள், மிச்சத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் தட்டில் வைப்பார்கள். பசித்துத் திரிகிற கூட்டங்களுக்கு நடுவில் அது பந்திக்கு அழைப்பு. சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஆறவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி, தேனீ மூழ்காமல் நிற்க நாலு குச்சி போட்டு, பொழுது சாய்ந்து பறத்தல் நின்ற பிறகு பெட்டிக்குள்ளே வைக்க வேண்டும். ஒரே ராத்திரியில் காலியாகும் அளவுதான். பெட்டி விற்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. ஏழு சட்டத்தில் மூன்றில்தான் தேனீ இருக்கிறது என்றால் மிச்சச் சட்டங்களை எடுத்துவிட்டு, தடுப்புப் பலகை வைத்து வீட்டைச் சுருக்கிவிடுங்கள் என்றும் சொல்வதில்லை. காவல் இல்லாத வெற்று அடையில் மெழுகுப் புழு முதலில் குடியேறும்.

எல்லா நோஞ்சானையும் காப்பாற்ற வேண்டுமா என்பதில் எனக்கும் தோப்புக்காரர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. பூ குறைந்து இளைத்த கூட்டம் தேறும். ராணி போய், வேலைக்காரத் தேனீயே அடையின் ஒரே கண்ணில் ரெண்டு மூணு முட்டையாகப் போட ஆரம்பித்த கூட்டம் தேறாது. புழு நோய் வந்த கூட்டம் இன்னும் மோசம். 1991, 92இல் தாய்லாந்து சாக்புரூட் என்கிற புழு நோய் வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி பண்ணியதைப் பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். நோயுள்ள பெட்டியில் கொள்ளை நடந்தால் திருடிய தேனோடு நோயையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைக்கும். அந்தப் பெட்டியை வரிசையிலிருந்து அன்றே ராத்திரி எடுத்துவிடச் சொல்வேன், முகம் சுளித்தாலும் சரி.

பெரியம்மாவின் பெட்டியில் நோய் இல்லை, ராணியும் இருந்தது. ஆனால் தேனறையில் ஒன்றுமில்லை, புழு அறையில் தேன் மூடிகளைப் பிய்த்தெறிந்து அடையின் விளிம்பெல்லாம் பல்போன மாதிரி கிடந்தது. இந்தியத் தேனீ இப்படிச் சூறையாடப்பட்டால் பொறுத்துக்கொண்டு கிடக்காது, ரெண்டொரு நாளில் ராணியோடு கிளம்பி ஜவ்வாது மலைப் பக்கம் பறந்துவிடும். அதனால் இருட்டியதும் வாசலுக்கு வலை கட்டி, பெட்டியை டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏற்றி, மூணு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அவர் தம்பி நிலத்துக்குக் கொண்டுபோனோம். அதைவிடக் குறைந்த தூரம் என்றால் வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பிவந்து நிற்கும். அங்கே பக்கத்தில் வேறு பெட்டி கிடையாது.

காலி இடத்தில் ஒரு வெற்றுப் பலகையைப் போட்டுவைத்தேன். மறுநாள் காலை பழைய கும்பல் அங்கே வந்து கொஞ்சநேரம் சுற்றியதாகப் பெரியம்மா போன் பண்ணினார். அவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. மோட்டார் கொட்டகைப் பெட்டியில் இப்போது எடுக்கிற தேனில் பாதி அந்தப் பெட்டியுடையதுதானே, அதைத் திருப்பி அதுக்கே கொடுக்கலாமா என்றார். சட்டத்தோடு கொடுக்கலாம், சாயங்காலத்துக்கு மேல், நான் வந்த பிறகு என்றேன்.