அம்மாவின் கம்பளி, 80 சதுரம், வரிசைக்கு ஒரு கதை

ஜூலைக் கடைசியில் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்ததில் ஆரம்பித்த வேலை இது. அடியில் அவர் தேயிலைக் கொழுந்தெடுத்த காலத்துக் கம்பளி கிடந்தது. கறுப்பு நிறம், ஓரம் பிய்ந்து, இரண்டு இடத்தில் பூச்சி அரித்திருந்தது. மழை நாளில் அதைக் கொங்காணியாக, அதாவது தலையையும் முதுகையும் மூடும்படி போட்டு, மேலே கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவார். வீச மனம் வரவில்லை. அப்படியே போர்த்தவும் முடியாது, உடம்பெல்லாம் குத்தும். நடுவில் கம்பளியை வைத்து, மேலும் கீழும் பழைய பருத்திச் சேலைத் துணி கொடுத்து, ஒட்டுப்போர்வையாகத் தைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், ஊவா மாகாணத்துப் பண்டாரவளைப் பக்கம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இங்கே கச்சான் காற்று. இந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறும். அதே நாட்களில் மலைக்கு மேற்கே, மழைப் பக்கமான ஹட்டனில் இருக்கும் அக்கா போன் எடுத்தால், "நாலு நாளா துணி காயல" என்ற பேச்சுத்தான். இங்கே காலையில் கொடியில் போட்ட சேலை பத்து மணிக்கே மொறுமொறுவென்று நிற்கும். அக்டோபர் பிறந்தால் மழை எங்கள் பக்கம் திரும்பிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

முதல் வேலையே பிழைத்துப்போனது. பல வருட அழுக்கு போகட்டும் என்று கம்பளியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் கசக்கிவிட்டேன். காய்ந்து வந்ததைப் பார்த்தால் நீளத்தில் ஒரு சாண் குறைவு, கையில் பிடித்தால் அட்டை மாதிரி கனம். "ஏம்புள்ள, கம்பளிய யாராச்சும் சுடுதண்ணில போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார் அம்மா. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாராவது கம்பளி உடுப்பு, கம்பளிப் போர்வை துவைப்பதாக இருந்தால் பச்சைத் தண்ணீர்தான். அமுக்கி எடுக்கலாம், கசக்கவும் முறுக்கவும் கூடாது. குறைந்த ஒரு சாணுக்குப் பிள்ளைகளின் பழைய ஃபிளானல் துணியை இரட்டையாக மடித்துச் சேர்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் அந்த இடம் வரம்பு போலத் தடித்துவிடும். அதனால் விளிம்போடு விளிம்பு வைத்து, கோணல் தையலில் பிணைத்தேன்.

பிறகு வெட்டு வேலை. கலண்டர் அட்டையில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி அதையே அளவாக வைத்துக்கொண்டேன். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போக, சதுரம் 6 அங்குலமாக நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10. மொத்தம் 80 சதுரம், 4 அடிக்கு 5 அடி. அம்மாவின் பச்சை நைலெக்ஸ் (நைலான்) சேலையையும் சேர்க்க ஆசை. ஊசியின் கீழ் வழுக்குகிறது, ஓரத்தில் நூல் நூலாகப் பிரிகிறது. பருத்தியோடு அது சேராது என்று எடுத்து வைத்துவிட்டேன். மூன்று வொயில் சேலை, அப்பாவின் கட்டம்போட்ட சாரம் ஒன்று, இவ்வளவுதான் துணி. சதுரங்களை இணைத்தது கை மெஷினில், நான்கு நாள் பின்னேரங்களில்.

மூன்று அடுக்கையும் சிமெந்துத் தரையில் விரித்து, நகராமல் இருக்க நூலோட்டும்போது ஓரத்திலிருந்து தொடங்கிவிட்டேன். திருப்பிப் பார்த்தால் அடித்துணி நடுவில் சுருங்கி மடிப்பு மடிப்பாக நின்றது. எல்லாவற்றையும் பிரித்து, அடித்துணியின் நான்கு மூலையையும் தரையில் ஒட்டி, நடுவிலிருந்து வெளியே நான்கு திசைக்கும் ஓட்டினேன். இரண்டாம் தடவை ஒரு சுருக்கம் இல்லை.

கைத்தையல்தான் நீண்ட வேலை. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரு ஓடு தையல், மொத்தம் பத்துக் கோடு. அட்டையாகிப்போன கம்பளிக்குள் ஊசி இலேசில் இறங்காது. நூலில் மெழுகு தடவினால் கொஞ்சம் வழுக்கிப் போகும். அம்மா அந்தக் கோடியிலிருந்தும் நான் இந்தக் கோடியிலிருந்தும் தைத்து வந்து நடுவில் சந்திப்போம். முதல் கோடு முடிவதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போனது. ஆகஸ்ட் லீவில் வீட்டில் சும்மா நின்ற மகனிடம், நூலகத்தில் எடுத்து வந்திருந்த மலையகச் சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்து, "ஒரு கதை வாசி தம்பி" என்றேன். அவன் கதையை முடித்து நிமிர்ந்தபோது இரண்டாம் கோடும் முடிந்திருந்தது. அன்றிலிருந்து அதுவே கணக்காகிவிட்டது. வரிசைக்கு ஒரு கதை.

நான்காவது கதையில் 'பெரட்டு' என்ற சொல் வந்தது. மகன் நிறுத்தி, "அம்மாயி, பெரட்டுன்னா பெரட்டி எடுக்கிறதா?" என்று கேட்டான். அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார். விடியக் கருக்கலில் எல்லோரும் வந்து வரிசையாக நிற்பது, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பேர் கூப்பிட்டுப் பிரித்துவிடுவது, பிந்திப் போனால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும் விழுவது எல்லாம் சொன்னார். பனியில் நிற்கும்போது இதே கம்பளிக்குள் என்னையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு போய், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலைக்கு ஏறியதையும் சொன்னார். எனக்கு அது அன்றுவரை தெரியாது. அந்த வரிசை அன்றைக்கு முடியவில்லை. முடியாவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு. மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மா இப்போது பின்னேரமானால், "தம்பி, அந்தப் பொஸ்தகத்த எடு" என்று அவரே கேட்கிறார்.

வாசிப்பு முடிந்தால் ரொட்டி. இதில் மகளுக்கும் பங்கு. இரண்டு கோப்பைக் கோதுமை மாவுக்கு ஒரு கோப்பைத் தேங்காய்ப்பூ, உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் தட்டும்போது ஓரம் வெடிக்காது. மிலாறு (காய்ந்த தேயிலைக் கிளை விறகு) அடுப்பில் சுடும்போது தீயைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே கருகி உள்ளே மா வேகாது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு. அம்மியில் ஒன்றிரண்டாக இடித்துத் தேசிக்காய் பிழிந்த சம்பல். பக்கத்தில் சாயத்தண்ணி, பால் சேராத தேத்தண்ணி. கை கழுவிவிட்டுத்தான் போர்வையைத் தொடலாம் என்பது மகள் போட்ட சட்டம். ஏழாவது வரிசையில் ஒரு சொட்டுச் சம்பல்கூடப் படாமல் அவள்தான் காத்தாள்.

இன்றைக்குச் செப்டம்பர் 14. ஒன்பது கோடு முடிந்தது, ஒன்று பாக்கி. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தையல். கடைசிக் கதையை மகன் முன்கூட்டியே வாசித்துவிடக் கூடாது என்று புத்தகம் என் தலையணைக்குக் கீழ் இருக்கிறது. ஓரப்பட்டிக்கு அம்மா தன் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய பருத்திச் சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு அங்குல அகலத்தில் நான்கு பட்டி வரும், மூலைக்குக் கொஞ்சம் மிஞ்சும். போர்வை யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் இப்போதே சண்டை. முதல் மழை ராத்திரி அது அம்மாவின் கட்டிலில்தான் கிடக்கும்.