மீட்டர் காட்டும் எண்ணும் வீட்டாரின் முகமும்: டைப் 1 நாட்குறிப்பு

ஜூன் 3

உடலில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை மீட்டரில் 280 என்று வந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "என்ன தின்னே?" கொஞ்ச நாளில் பிள்ளை குத்திப் பார்க்காமலே "120" என்று சொல்லப் பழகிவிடும். அந்தப் பொய் எண்ணை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்வது 280-ஐ விட ஆபத்து. "எவ்வளவு இருக்கு, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நல்ல சுகர், கெட்ட சுகர் என்ற பேச்சே வேண்டாம். கூடுதல், குறைவு என்றால் போதும். அது மதிப்பெண் அல்ல.

தீனியைத் தவிரவும் காரணங்கள் உண்டு: சாப்பிட்ட பிறகு போட்ட ஊசி, வெயிலில் கிடந்த இன்சுலின் பென் (பேனா வடிவ ஊசி), வரப்போகும் காய்ச்சல், பரீட்சைப் பதற்றம். அடிக்கடி கண்ணில் தப்புவது தடித்த தோல். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு தடித்தால் அங்கே இன்சுலின் சீராக உள்ளே போகாது. வலி குறைவென்று பிள்ளைகள் அந்த இடத்தையே தேடுவார்கள். விரலால் தடவிப் பார்த்து இடம் மாற்றுங்கள். ஆனால் புது இடத்தில் அதே அளவு இன்சுலின் வேகமாக வேலை செய்து லோ ஆகலாம், அதாவது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம்; மாற்றும் முன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஜூன் 5

70-க்குக் கீழே போனால் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 50 கிலோவுக்கு 15. பதினைந்து நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். தோலில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் சில நிமிடங்கள் பின்தங்கித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பதறி மேலும் மேலும் ஊட்டுவதால்தான் அடுத்த மணி நேரத்தில் 300 வருகிறது. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

லோவில் வரும் அடமும் அழுகையும் மூளைக்குக் குளுக்கோஸ் போதாததால் வருபவை. அந்த நேரத்தில் பஞ்சாயத்து வேண்டாம்.

நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி: 25 கிலோவுக்குக் கீழே 0.5 மி.கி., அதற்கு மேல் 1 மி.கி. உடனே ஆம்புலன்ஸ்.

ஜூன் 9

இரவு லோவுக்குப் பயந்து படுக்கும்போது வேண்டுமென்றே 200-க்கு மேல் வைக்கும் பெற்றோர் நிறைய. பயம் நியாயமானது, வழிதான் தவறு. மாலை ஓடியாடி விளையாடிய நாளில் 7 முதல் 11 மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கும். அன்றைக்கு மட்டும் நடுராத்திரி ஒருமுறை பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். சென்சார் இருந்தால் தாழ்வு அலாரத்தை மட்டும் கறாராக வைத்து, உயர்வு அலாரத்தைத் தளர்த்துங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. முறை இல்லாதவர் போன் வேறு அறையில் இருக்கட்டும். இருவருமே விழித்திருந்தால் அதற்குப் பெயர் முறை இல்லை.

ஜூன் 14

காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. ரத்தக் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து சேரும் அமிலம்) 0.6-க்குக் கீழே இருந்தால் சரி. 1.5 தாண்டினால் மருத்துவருக்குப் போன். 3 என்றால், அல்லது வாந்தி நிற்கவில்லை என்றால், மருத்துவமனை.

ஜூன் 20

பதின்வயதில் "இனி நீயே பார்த்துக்கோ" என்று மொத்தமாகக் கைகழுவுவது பலிப்பதில்லை. பிள்ளை ஊசியைத் தவிர்க்கிறது என்றால் பிரசங்கம் வேண்டாம். ஒரு வேலையை, இரவு ஊசியை மட்டும், சில வாரம் பெரியவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடை குறைய வேண்டுமென்று இன்சுலினைக் குறைப்பவர்களும் உண்டு. எடை இறங்கி, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) ஏறி, கீட்டோன் திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிடித்த விளையாட்டும் பிடிக்காமல் போனால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். பெற்றோருக்கும் இதே கணக்குத்தான். சாவதைப் பற்றிப் பேசினால் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இன்சுலின் பென்கள், குப்பிகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், ஒவ்வொரு ஊசியையும் பெரியவரே போடட்டும், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.