டயர் பெருசா இருந்தா மட்டும் போதுமா?

போன ஜூனில் தக்கலைப் பக்கம் ஒரு சைட்டில் ஹாலோ பிளாக் இறக்க வேண்டியிருந்தது. பழைய ரப்பர் விளை, மரங்களை முறித்துவிட்டுத் தட்டுத்தட்டாக மண் வெட்டிப் போட்டிருந்தார்கள். நம்ம ஊர் செம்மண் வெயிலில் பாறை மாதிரி கிடக்கும், இடவப்பாதி மழை ரெண்டு நாள் அடித்தால் களி. அதில் குடோனில் சுமை தூக்க ஓடுகிற சாதா ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய் இறக்கினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இருபது அடி போகவில்லை, முன் டயர் ரெண்டும் புதைந்துவிட்டன. சுமை தூக்கினால் கனம் பூராவும் முன் சக்கரத்தில்தான் இறங்கும், அந்தச் சின்ன டயர் என்ன செய்யும்?

அப்புறம்தான் கரடுமுரடான தரைக்கென்றே செய்த ரஃப் டெரெய்ன் ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு எடுத்தோம். டிராக்டர் மாதிரி ஆழமான பட்டன் வைத்த காற்று டயர், அடிவயிற்றுக்கும் தரைக்கும் நல்ல இடைவெளி, டீசல் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால் டிஃபரன்ஷியல் லாக் போட்டதும் மற்றதும் சேர்ந்து இழுக்கிறது. கெட்டித் தரைக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் திரும்பாமல் மல்லுக்கட்டும்.

எனக்குப் பிடித்தது பின் ஆக்சில்தான். நடுவில் ஒரே இரும்பு முளையில் தொங்குவதால் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினாலும் மறுபக்கம் தரையை விடாது. ஆனால் அதே காரணத்தால் வண்டி உண்மையில் நிற்பது மூன்று இடத்தில், அடுப்புக்கல் மாதிரி: முன் சக்கரம் ரெண்டு, அந்த முளை ஒன்று. சுமையும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிறவரைதான் நிற்கும்.

நான் சரிவில் குறுக்கே போகச் சொன்னதும் ஆபரேட்டர் அண்ணன் இறங்கியே விட்டார். "மக்கா, டயரைப் பார்த்து மயங்காத. சரிவில குறுக்க திருப்பினா மறிஞ்சிரும், கேட்டியா?" சுமையோடு இருந்தால் ஏறும்போது முன்னால் பார்த்து, இறங்கும்போது ரிவர்ஸில், அதாவது சுமை எப்போதும் மேட்டுப் பக்கம். காலி வண்டிக்கு இதற்கு நேர் எதிர். சுமை ஏறி இறங்குகிற முன்பக்கச் சட்டமான மாஸ்டைப் பின்னால் சாய்த்து, சுமையை முடிந்தவரை தாழ்வாக வைத்துத்தான் ஓட்டினார். தூக்கிப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை.

மண்ணில் இப்படி ராஜா மாதிரி போன வண்டி, மாட்டிக்கொண்டது ரோட்டிலிருந்து உள்ளே வரும் முடுக்கில். சாதா வண்டி திரும்புகிற இடத்தில் இது திரும்பாது, நீளமும் அகலமும் கூடுதல். போதாததற்குத் திரும்புவது பின் சக்கரம் என்பதால் முன்பக்கம் இடது போனால் பின்பக்கம் வலதுக்கு வீசும். நாலு தடவை முன்னே பின்னே எடுத்தும் முடியாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வேலிக்கல் ரெண்டைப் பிடுங்கினோம். மறுநாள் அதைத் திரும்ப நட்டுக் கொடுத்த கூலியையும் வண்டி வாடகைக் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.