பாப்பாவின் வலது கண்

காதுகுத்து ஆல்பம் வந்த அன்றுதான் முதலில் கவனித்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. தாய்மாமன் மடியில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஃபிளாஷ் வெளிச்சம் இரண்டு கண்ணிலும் சின்ன வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறது. இடது கண்ணில் புள்ளி கருவிழிக்கு நட்டநடுவில். வலது கண்ணில் காதுப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த படத்திலும் அப்படியே.

அதற்குப் பிறகு பார்க்கும் இடமெல்லாம் அதுவே கண்ணில் பட்டது. தோசையைப் பிய்க்கத் தட்டைக் குனிந்து பார்க்கும்போது வலது கண் மூக்கை நோக்கி ஓடும். தூக்கம் வரும் நேரத்தில் இன்னும் அதிகம். நிமிர்ந்து வாசலைப் பார்த்தால் ஓரளவு நேராகிவிடும். அதனால்தான் வீட்டில் யாரும் நம்பவில்லை. “மாறுகண் பிள்ளை அதிர்ஷ்டம்மா, அதைப் போயி நோண்டாதே” என்றார் அத்தை. உள்ளூரில் காட்டிய டாக்டர், “மூக்குத்தண்டு அகலம், அதனால அப்படித் தெரியும், வளர வளர சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார். அப்படிப்பட்ட பொய் மாறுகண்ணும் உண்டுதான். ஆனால் அதில் வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் விழும். இது எனக்கு அப்போது தெரியாது. நாலு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

என்னைக் கிளப்பியது ஒரு விளையாட்டு. கண்ணாமூச்சி ஆடும்போது கையால் அவளுடைய வலது கண்ணை மட்டும் பொத்தினேன். அவள்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு பொம்மையைத் தேடினாள். இடது கண்ணைப் பொத்தினேன். கையைப் பிடித்துத் தள்ளினாள். மறுபடி பொத்தினால் அழுகை. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தேன், மூன்று தடவையும் அதேதான். அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறிவிட்டோம்.

கண் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் எழுத்து படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கென்று ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் போட்ட அட்டை வைத்திருக்கிறார்கள். தூரத்தில் காட்டும் படத்தை மடியில் இருக்கும் அட்டையில் தொட்டுக் காட்ட வேண்டும். இடது கண்ணால் கடகடவென்று தொட்டவள், வலது கண்ணுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். சீட்டில் இடது 6/9, வலது 6/36 என்று எழுதினார்கள். நல்ல பார்வை உள்ளவர் 36 மீட்டரில் பார்ப்பதை அவள் வலது கண் ஆறு மீட்டரில்தான் பார்க்கிறது என்று அர்த்தம்.

சரியான பவர் எடுக்க, கண்மணியை விரியவைக்கும் அட்ரோபின் களிம்பு தந்தார்கள். மூன்று நாள், அரிசி அளவு, கீழ் இமைக்குள் போட வேண்டும். போட்டதும் மூக்கோரத்து மூலையைச் சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும், மருந்து உடம்புக்குள் அதிகம் போகாது. முகம் சிவந்து சுரம் மாதிரி சுட்டால் நிறுத்திவிட்டுப் போன் செய்யச் சொன்னார்கள். எங்களுக்கு லேசாகக் கன்னம் சிவந்ததோடு சரி. ஆனால் அதற்கப்புறம் பத்து நாளுக்கு மேல் வெயிலைக் கண்டாலே என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுமுறை இருட்டறையில் விளக்கடித்துப் பார்த்து, வலது கண்ணுக்கு ப்ளஸ் 5.5, இடதுக்கு ப்ளஸ் 4.5 என்றார்கள். விழித்திரையையும் விரிவாகப் பார்த்தார் டாக்டர். கண்ணுக்குள் கட்டி இருந்தாலும் சில குழந்தைகளுக்கு முதல் அறிகுறி மாறுகண்ணாக வருமாம், அதனால் அதைப் பார்க்காமல் விடுவதில்லை என்றார். அந்த இரண்டு நிமிடம் என் கை சில்லிட்டுப்போயிருந்தது. ஒன்றுமில்லை என்றார்.

“எப்ப ஆபரேஷன்?” என்று இவர் கேட்டதற்கு டாக்டர் சிரித்துவிட்டார். ப்ளஸ் பவர் உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் தம் கட்டுகிறது. அப்படித் தம் கட்டும்போது கண்கள் உள்பக்கம் திரும்புவது இயற்கை. தம் கட்டும் வேலையைக் கண்ணாடி எடுத்துக்கொண்டால் கண் தானே நேராகும். கண்ணாடி போட்ட பிறகும் கோணல் மிச்சமிருந்தால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு. கண்கள் கோணும்போது பெரியவர்களுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். குழந்தையின் மூளை அதற்கு இடம் கொடுக்காமல் ஒரு கண்ணை அணைத்துவிடுகிறது. அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போகிறது. சோம்பேறிக் கண் என்கிறார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கவில்லை. அது சோம்பேறித்தனமா செய்தது, பாவம்?

கண்ணாடிக் கடையில் ஒரு தடங்கல். “சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பவரா, கொஞ்சம் குறைச்சுப் போடலாமே” என்றார் கடைக்காரர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். குறைத்தால் குறைத்த அளவுக்குக் கண் மறுபடி தம் கட்டும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் தப்பினோம். காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்த பிளாஸ்டிக் ஃபிரேம் வாங்கினோம். முதல் வாரம் இரண்டு முறை தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்தேன். மூன்றாவது வாரம் காலையில் எழுந்ததும் அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக்குள் கண் நேராக நின்றது. வீடே கொண்டாடியது. அத்தைகூடச் சுற்றிப்போட்டார். வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால் வலது கண் 6/24 தான். பார்ப்பவர்களுக்குத்தான் கண் சரியாகியிருந்தது, அவளுக்கு இன்னும் இல்லை.

அடுத்து பேட்ச். நல்ல கண்ணை, அதாவது இடது கண்ணை, தினம் இரண்டு மணி நேரம் ஒட்டி மூட வேண்டும். இரண்டு மணி நேரம் போதுமா, ஆறு மணி நேரம் ஒட்டினால் சீக்கிரம் சரியாகாதா என்று கேட்டேன். அவள் அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான், 2003-இலேயே அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள் என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவரைக் கும்பிடலாம்.

முதல் நாள் ஐந்து நிமிடம். பிய்த்து எறிந்தாள். சித்திரை வெயிலில் வேர்த்து ஓரம் நழுவும், அந்த இடுக்கு வழியாகத் தலையைச் சாய்த்து நல்ல கண்ணாலேயே டிவி பார்ப்பாள். கண்ணாடி மேல் ஒட்டிப் பார்த்தேன், மேலாக எட்டிப் பார்த்தாள். தோலோடு ஒட்டி அதன்மேல் கண்ணாடி போடுவதுதான் வழி. உரிக்கும்போது வலிக்காமலிருக்க வெதுவெதுப்பான ஈரத்துணியால் நனைத்து எடுத்தேன். அவள் கரடி பொம்மைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு கண்ணோடு தேங்காய் துருவிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்தப் பிள்ளையின் பாடு.

கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலை நல்லது என்றதால் நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடவைத்தேன். ஆரம்பத்தில் கொட்டை குழிக்கு வெளியே விழும். ஆடி பிறந்தபோது ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு நாள் தரையில் போன எறும்பைப் பேட்சோடு காட்டி, “அம்மா, அரிசி தூக்கிட்டுப் போகுது” என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

ஏழு மாதத்தில் 6/9 வந்தது. பேட்சை ஒரேயடியாக நிறுத்தினால் பார்வை திரும்ப இறங்கலாம் என்பதால் ஒரு மணி நேரமாகக் குறைத்திருக்கிறார்கள். குளிக்கக் கண்ணாடியைக் கழற்றினால் கண் இன்னும் உள்ளே ஓடத்தான் செய்கிறது. பார்க்கிற சொந்தக்காரர்கள், “இன்னும் சரியாகலையே” என்பார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பெரிய ஈப் படம் ஒன்று இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு ஈ காகிதத்துக்கு மேலே எழும்பி நிற்கும். முதல் தடவை இறக்கையைப் பிடிக்கச் சொன்னபோது விரலைக் காகிதத்தில் அப்படியே ஊன்றினாள். போன மாதம் கையை நீட்டியவள், காகிதம் தொடும் முன்னாலேயே காற்றில் நிறுத்தி, “ஐயே” என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.