802-ஆ, 803-ஆ?

"பிரிண்டரோட பழைய கறுப்பு மை கார்ட்ரிட்ஜைக் கழற்றி கையோட எடுத்துட்டுப் போங்க" என்று மனைவி சொன்னாள். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். "நம்பர் மனசுல இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது நான்தான்.

மணி இரவு எட்டரை. சின்னவளின் மாமல்லபுரம் புராஜெக்ட்டைக் காலையில் கொடுத்தாக வேண்டும். வழக்கம்போல அன்று இரவுதான் எங்களுக்கே தெரியவந்தது. பிரிண்டரோ ஐந்து ரதங்களில் இரண்டை அடித்துவிட்டு, மூன்றாவதில் வெளுத்துவிட்டது.

கடைக்காரர் "802-ஆ, 803-ஆ சார்?" என்றார். பிறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவன் போல "803" என்றேன். விலையும் ஏறக்குறைய அந்த நம்பர்தான்.

உறையைக் கிழித்து, டேப்பை உரித்து, உள்ளே சொருகினால் பிரிண்டரின் விளக்கு மினுக் மினுக் என்கிறது. கழற்றினேன், துடைத்தேன், ஊதினேன், மறுபடி சொருகினேன். அதே மினுக். பழசைத் திருப்பிப் பார்த்தால் 802. பிரித்ததைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

மாமனாருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? "பட்டன் பேட்டரியைப் பாருங்க மாப்ளே. 2032-னா 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். நம்பரே அளவைச் சொல்லிடும். இது என்ன நம்பர், லாரி நம்பரா?" அங்கிருந்து நேரே காசிக்குப் போய்விட்டார். அவருடைய கேமராவுக்கு ரெண்டு பென்சில் பேட்டரி போதுமாம், படித்துறைப் பெட்டிக்கடையிலேயே கிடைத்ததாம். அந்த மலிவு பேட்டரி நாலே படத்தில் படுத்துவிட்டதால்தான் இன்றுவரை மாமியார் காசியில் பாதி முகத்தோடு நிற்கிறார் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மாப்பிள்ளை முறை அப்படி.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் சின்னவள் கறுப்பையே கழற்றி வைத்துவிட்டு, வெறும் கலர் கார்ட்ரிட்ஜை மட்டும் விட்டு மூடினாள். ஓட ஆரம்பித்துவிட்டது! மூணு கலரையும் கலந்து அதுவே ஒரு கறுப்பைத் தயாரித்துக்கொள்கிறது. கறுப்பு என்றால், நாலு தரம் துவைத்த குடைத்துணிக் கறுப்பு. கடற்கரைக் கோயில் பாசி படிந்த மாதிரி வந்திருந்தது. "நிஜமாவே பழசா இருக்குப்பா" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

803 இப்போது ஃப்ரிட்ஜ் மேல், பல்பு அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாருக்காவது ஆகுமே என்று நேற்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் உள்ளே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"நமக்கு 805 சார்."