தசைனுக்கு வீட்டுக்குப் போகும் அநாதைகள்

நேபாளத்தில் பள்ளிக்கூட வருடம் சித்திரையில் தொடங்குகிறது. எங்கள் கல்லூரி ஜெபக்குழுவில் யாருக்கும் இது தெரியாது. மே மாதம் என்றால் விடுமுறை, விடுமுறை என்றால் வி.பி.எஸ். (சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி) என்று வளர்ந்த திருநெல்வேலிப் பிள்ளைகள் நாங்கள். பாட்டு, கைவேலை, பொம்மலாட்டம் எல்லாம் தயார் செய்து, மூட்டை முடிச்சோடு சென்னையில் ரப்திசாகர் ரயில் ஏறி, கோரக்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி எல்லையைக் கடந்து நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் ஓர் அநாதை இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மதில் சுவருக்கு அப்பால் சாலையில் சீருடை போட்ட பிள்ளைகள் பையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "நீங்கள் வந்திருக்கிறீர்களே" என்றார் பொறுப்பாளர், எங்களைக் கௌரவிப்பதாக நினைத்துக்கொண்டு. பத்திலிருந்து நாலு வரை கணக்கும் அறிவியலும் படிக்க வேண்டிய பிள்ளைகள், நாங்கள் ஊரிலிருந்து தூக்கி வந்த காகிதத் தட்டில் நோவாவின் பேழை ஒட்டினார்கள். என்னைவிட நேர்த்தியாக ஒட்டினார்கள். எத்தனை குழுக்களுக்கு ஒட்டிப் பழகிய கைகளோ!

இரண்டாவது வேலை, சாப்பாட்டு அறைச் சுவருக்கு வண்ணம் பூசுவது. அந்தச் சுவர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் பழைய பூச்சு பெயர்ந்த இடத்தில் மஞ்சளுக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் யாரோ பதித்த சிவப்பு உள்ளங்கை, அதன் ஓரத்தில் கொரிய எழுத்து. வருகிற குழு எல்லாம் அதே சுவரைத்தான் பூசியிருக்கிறது. நாங்களும் பூசினோம். இளம்பச்சை.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்குத் தூரிகை கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இந்தி வராது, நேபாளி சுத்தமாக வராது. அவளுடைய பள்ளிக்கூட ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சந்தித்த இடத்தில் பேசிக்கொண்டோம். தசைன் பண்டிகைக்கு (நம்மூர் தசரா போல) எல்லாரும் ஊருக்குப் போவோம் என்றாள். எந்த ஊருக்கு? வீட்டுக்குத்தான். அம்மா இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், அப்பா மலேசியாவில் வேலை. தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்துப் பெரியவர்கள் நெற்றியில் வைக்கும் திலகத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்று இல்லத்தில் சொல்லி அனுப்புவார்களாம். "பாட்டி வைத்துவிடுவாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கழுவிவிடுவேன்" என்று சிரித்தாள்.

அநாதை இல்லம் என்றுதான் எங்கள் சபையில் அறிவித்துக் காணிக்கை எடுத்தார்கள். ஊருக்கு வந்தபின் தேடிப் படித்தேன். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம் என்று சொல்லித் தரகர்கள் பிள்ளைகளைக் கீழே கூட்டிவந்திருக்கிறார்கள். பெற்றோர் அதற்குப் பணமும் கொடுத்திருக்கிறார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு உண்டு. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாட்டில் 77 மாவட்டங்கள். ஆனால் இல்லங்களில் மிகப் பெரும்பங்கு காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் என்ற ஐந்தில் மட்டும். வெளிநாட்டார் சுற்றிப் பார்க்க வருகிற இடங்களும் இவைதாம். அநாதைகள் சுற்றுலாத் தலங்களிலா அதிகம் பிறக்கிறார்கள்? 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, உரிய தாள்கள் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அரசு தடை போட்டது சும்மா இல்லை.

நாங்கள் போன இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே பிள்ளைகளுக்குச் சோறு வயிறாரக் கிடைத்தது, சமையல்கார அக்கா அத்தனை பேருடைய தலையையும் பேன் பார்த்துப் பின்னிவிட்டாள். சனிக்கிழமை ஆராதனையில் (அங்கே வார விடுமுறை சனிதான்) தரையில் உட்கார்ந்து அவர்கள் கைதட்டிப் பாடியதைக் கேட்டு அழாதவர்கள் எங்கள் குழுவில் இல்லை. ஆனால் விடைபெறும் நாளில் அழுதது நாங்கள் மட்டும்தான். பிள்ளைகள் ஒழுங்காக வரிசையில் நின்று, விடைபெறும் பாட்டைப் பாடி, கையசைத்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர்கள் வியக்கவேயில்லை. அம்மா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் போர்டிங்கில் வளர்ந்தவர்கள். தாத்தா பனையேறி, பதநீர் இறங்காத மாதங்களில் வீட்டில் அடுப்பு எரியாது. ஜெர்மனியிலிருந்து யாரோ ஒருவர் பணம் அனுப்ப, அம்மா கிறிஸ்துமஸ்தோறும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். "துரைமார் வந்தால் நாங்களும் இப்படித்தான் வரிசையில் நின்று பாடுவோம். அன்றைக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் கிடைக்கும். அப்பா பெயர் கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள்." அந்தப் பணம் இல்லாவிட்டால் அம்மா டீச்சராகியிருக்க மாட்டார்கள், அதையும் அம்மாவே சொன்னார்கள். ஆனால் அந்த ஜெர்மானியர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லையாம். அதனால்தானோ என்னவோ, அம்மா இன்றைக்கும் அவரை ஜெபத்தில் நினைக்கிறார்கள்.

இந்த வருடமும் குழு போகிறது. செயலாளர் அண்ணன் என்னையும் அழைத்தார். ரயில், பஸ், தங்குமிடம் என்று நாங்கள் செலவழிக்கப் போகும் தொகையைக் கணக்குப் போட்டுக் காட்டி, அதை அப்படியே அந்தப் பிள்ளைகளின் சொந்த ஊர்ப் பள்ளிக் கட்டணத்துக்கு அனுப்பலாமே, இல்லாவிட்டால் தசைன் பஸ் செலவுக்காவது அனுப்பலாமே என்றேன். போட்டோ இல்லாமல் யார் காணிக்கை போடுவார்கள் என்று கேட்டார். அவரும் பொல்லாதவர் இல்லை, சபையை அறிந்தவர்.

அம்மா இரண்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். ரசீது கேட்டு வாங்கச் சொன்னார்கள்.