இன்சிஷன், எக்சிஷன், என் முதுகு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 19 வருஷமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மெடிக்கல் காலேஜ் பிள்ளைகளின் தீசிஸ்தான் எனக்குச் சோறு. எக்சிஷன், இன்சிஷன், சப்கியூட்டேனியஸ் எல்லாம் ஓர் எழுத்து பிசகாமல் அடிப்பேன். அர்த்தம் கேட்டால் முழிப்பேன்.

வலது தோள்பட்டையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி, நடுவில் கடுகு மாதிரி ஒரு கரும்புள்ளி. ஏழெட்டு வருஷம் அதுபாட்டுக்குக் கிடந்தது. ஆடி மாசம் ஒருநாள் கை சும்மா இல்லாமல் பிதுக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வீங்கிச் சிவந்து, சட்டை பட்டாலே உயிர் போனது.

பக்கத்தில் ஒரு கிளினிக். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார்கள். வெள்ளையும் மஞ்சளுமாக, ஊசிப்போன பருப்பு வாடையோடு கொட்டியது. சீட்டில் ‘ஐ அண்ட் டி’ என்று எழுதியிருந்தது. இன்சிஷன் அண்ட் டிரெய்னேஜ். அதாவது கீறி வடிய விட்டது, அவ்வளவுதான். கட்டியையே எடுத்துவிட்டார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். திரும்ப வரும் என்று அங்கே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தை பிறக்கவும் கட்டியும் பிறந்தது.

இந்தத் தடவை பெரியாஸ்பத்திரி சர்ஜரி ஓ.பி.க்குப் போனேன். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, “பை உள்ளேயே இருக்கே. பையை முழுசா எடுத்தாத்தான் போகும்” என்றார். உடனே எடுக்க முடியாதாம். வீங்கியிருக்கும்போது கை வைத்தால் பை கிழிந்து, மிச்சம் மீதி உள்ளே தங்கிவிடும். மாத்திரை கொடுத்து ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். செபேசியஸ் சிஸ்ட் என்று எல்லாரும் சொல்கிற பெயரே தப்பு என்றும் அவர்தான் சொன்னார். உள்ளே இருப்பது எண்ணெய்ச் சுரப்பியின் கொழுப்பு இல்லை, மேல்தோல் உதிர்க்கிற கெராட்டின். சரியான பெயர் எபிடெர்மாய்டு சிஸ்ட். ஒரு தப்பான பெயரை எத்தனை தடவை சரியாக டைப் அடித்திருக்கிறேன்!

சீட்டில் ‘எக்சிஷன் பயாப்சி’ என்று எழுதினார். வீட்டில் வினை ஆரம்பித்தது. என் மனைவி சீட்டை வாசித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பயாப்சி என்றால் புற்றுநோய். எனக்கும்தான். வெளியே சொல்லவில்லை.

கடைக்கு வருகிற ஒரு ஹவுஸ் சர்ஜன் பையனைப் பிடித்துக் கேட்டேன். அவன் என் பிரிண்டரிலிருந்தே ஒரு தாளை உருவி எழுதிக் காட்டினான். கிரேக்கத்தில் பயாஸ் என்றால் உயிர், ஆப்சிஸ் என்றால் பார்ப்பது. உடம்பிலிருந்து எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதற்குப் பெயர் பயாப்சி. புற்றுநோய் இல்லை என்று சொல்லவும் அதுதான் வேண்டும். இன், எக்ஸ் இரண்டும் லத்தீன். உள்ளே வெட்டினால் இன்சிஷன், வெட்டி வெளியே எடுத்தால் எக்சிஷன். இந்த ஒரு முன்னொட்டுக்குத்தான் என் முதுகு இரண்டு தடவை கத்தி பார்த்தது.

எபிடெர்மாய்டில் இருக்கிற டெர்மா என்றால் தோல். அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் வேர், உரிப்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘தொலிய உரிச்சிப்புடுவேன்’ என்று எங்கள் கணக்கு வாத்தியார் நாள் தவறாமல் மிரட்டியது டெர்மட்டாலஜிதான் போல. நம்மிடமும் தொலி என்றால் தோல், தொலிப்பது என்றால் உரிப்பது.

என் மாமனார் திசையன்விளைப் பக்கம் பனையேறியாக இருந்தவர். விஷயம் கேள்விப்பட்டுக் கருப்பட்டியோடு வந்திருந்தார். அந்தத் தாளை வைத்து அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுக்கு எதுக்கு மாப்ள இங்கிலீசு? பனம்பாளைய யாராச்சும் வெட்டுவாவளா? சீவணும். அதுவும் தாள் கனத்துக்கு, காலைலயும் சாயங்காலமும். வெட்டிப்புட்டா பதனி வராது, பாளைதான் போவும்” என்றார். அவருக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சொல் இருந்தது. கடையில் போய்ப் பொருத்திப் பார்த்தேன். ஷேவ் பயாப்சி சீவுவது. பஞ்ச் பயாப்சி துளைப்பது. கியூரட்டேஜ் சுரண்டுவது. இன்சிஷன் கீறுவது. எக்சிஷன் அரிந்தெடுப்பது. நாமோ எல்லாவற்றையும் ‘ஆபரேஷன்’ என்று ஒரே பையில் போட்டுவிட்டோம். ‘அறுவை’யையும் மொக்கை ஜோக்குக்குத் தாரை வார்த்தாச்சு.

பங்குனியில் ஆபரேஷன். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். கரும்புள்ளி நடுவில் வருகிற மாதிரி, தோணி வடிவத்தில் பேனாவால் கோடு போடுவது கூசியது. மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி ஏறும்போது தேள் கொட்டுகிற எரிச்சல். அப்புறம் வலி இல்லை, யாரோ துணியைப் பிடித்து இழுக்கிற உணர்வு மட்டும். டாக்டர் 15-ம் நம்பர் பிளேடு கேட்டது காதில் விழுந்தது. தோணி ஏன் இந்தத் திசையில் என்று மாணவர்களிடம் கேள்வி. ஒருத்தி சொன்னாள்: லாங்கர் கோடுகள். கார்ல் லாங்கர் என்ற ஆஸ்திரியாக்காரர் பிணங்களின் தோலில் உருண்டை முனைக் கம்பியால் குத்திப் பார்த்தாராம், துளை வட்டமாக நிற்காமல் ஒரு பக்கமாக நீண்டதாம். 1861-ல் எழுதி வைத்தார். அந்த வாக்கில் வெட்டினால் தழும்பு குறையும். மாமாவிடம் பிறகு சொன்னபோது, “ஓலையும் நார்வாக்குலதான் கிழியும்” என்று முடித்துவிட்டார்.

பை உடையாமல் வந்தது. காட்டினார்கள், தொலித்த நுங்குச் சுளை மாதிரி வெள்ளையாக, சின்னதாக. 3-0 நைலானில் ஐந்து தையல். 3-0 என்றால் மூன்று சைபர். சைபர் கூடக்கூட நூல் மெலியும்.

கட்டியைப் போட்ட பார்மலின் பாட்டிலைப் பரிசோதனைக்காகப் பேத்தாலஜிக்குக் கொண்டுபோகும் வேலை மனைவிக்கு. மஞ்சப்பையில் போட்டு, பை தன் மேல் படாமல் கையை நீட்டிக்கொண்டே வராண்டா முழுக்க நடந்தாள்.

ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. வந்தது. ‘லேமல்லேட்டட் கெராட்டின்’, அடுக்கடுக்கான கெராட்டின். கடைசி வரி, ‘நோ எவிடன்ஸ் ஆஃப் மாலிக்னன்சி’, புற்றுநோய்க்கு அடையாளம் எதுவும் இல்லை. அந்த வரியை எத்தனையோ பேருக்கு டைப் அடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வாசித்தேன். 12-ம் நாள் தையல் பிரித்தார்கள்.

போன வாரம் ஒரு பெண் தீசிஸ் கொண்டுவந்தாள். 31-ம் பக்கத்தில் இன்சிஷன் பயாப்சி, அதே நோயாளிக்கு 34-ம் பக்கத்தில் எக்சிஷன் பயாப்சி. முன்னால் என்றால் இருப்பதை அப்படியே அடித்திருப்பேன்.

“ஏம்மா, கொஞ்சமா எடுத்தாங்களா, முழுசாவா?” என்று கேட்டேன்.

அவள் நோட்டைப் புரட்டினாள். “முழுசா, அண்ணாச்சி.”

31-ஐத் திருத்தினேன்.